புற்றா, புதுசா?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெரியவர், புத்தூர் என்றால் புற்றூர்தான் என்று சாதித்தார். "காற்றைக் காத்து என்கிறோம், நாற்றை நாத்து என்கிறோம். அப்படித்தான் ஸார், புற்று புத்தாச்சு. காடாக் கிடந்த இடத்திலே பாம்புப் புற்றுக்கா பஞ்சம்?"

வாதம் லேசானதல்ல. தலபுராணமும் காட்டில்தான் தொடங்குகிறது. வில்லி, கண்டன் என்று இரண்டு வேடச் சகோதரர்கள். கண்டனைப் புலி கொன்றுவிட்டது. தேடியலைந்து களைத்துத் தூங்கிய வில்லியின் கனவில் பெருமாள் வந்தார். அவன் காட்டைத் திருத்திக் கோயிலும் ஊரும் எழுப்பினான். இதைச் சரித்திரம் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் பெரியாழ்வாரின் ஊர் ஒரு வேடன் பெயரை உதறாமல், முன்னால் 'ஸ்ரீ'யை மட்டும் சேர்த்துக்கொண்டதில் எனக்கு ஒரு தனித் திருப்தி உண்டு.

"ஐயா, ஆண்டாளையே கேட்டுவிடலாமே" என்றேன். திருப்பாவையின் கடைசிப் பாட்டில் அவள் தன் ஊரைப் புதுவை என்கிறாள். கோயம்புத்தூர் கோவையானதுபோலப் பெயர் சுருங்கியிருக்கிறது. சுருக்கத்தில் மிஞ்சியது 'புது', புற்றல்ல. எல்லாப் புத்தூருக்கும் நான் ஜாமீன் நிற்க மாட்டேன். இந்தப் புத்தூருக்கு அவள் சாட்சி போதும். அவள் காலம் எட்டு அல்லது ஒன்பதாம் நூற்றாண்டு என்பார்கள். அன்றிலிருந்து இன்றுவரை ஊர் புதுசாகவே இருக்கிறது!

ஜெர்மனியிலும் இந்தக் கூத்து உண்டு. நாய்ஷ்டாட் என்றால் புதுப் பட்டணம். அந்தப் பெயரில் பல ஊர்கள் இருப்பதால், டான்யூப் நதிக்கரை நாய்ஷ்டாட், ஐஷ் நதிக்கரை நாய்ஷ்டாட் என்று பிரித்துச் சொல்கிறார்கள். அங்கே நதி செய்கிற வேலையை இங்கே வில்லி செய்கிறான்.

பெரியவர் சற்று யோசித்தார். "அப்போ எங்க ஊரு?"

பாளையம் என்றால் படை தங்கும் இடம். மேட்டுப்பாளையம், உத்தமபாளையம் என்று நாடெங்கும் அந்தப் பெயர் கிடக்கிறது. தெலுங்கு பேசும் ராஜுக்கள் வந்து குடியமர்ந்த பாளையம் ராஜபாளையம். கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போகவேண்டியவர்கள் நிலம் வாங்கி, 1936-ல் நூல் மில்லும் வைத்தார்கள். அருகே சத்திரப்பட்டியில் இன்று காயத்துக்குக் கட்டுகிற பாண்டேஜ் துணி நெய்கிறார்கள். படை இறங்கிய சீமைக்குப் பொருத்தமான தொழில்தான்!

கோபுரம் கண்ணில் பட்டது. பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கினார். படியில் நின்று திரும்பினார்.

"ஆண்டாள் சொன்னால் சரிதான், ஸார். ஆனாலும் வில்லி காடு வெட்டினபோது புற்று இருந்திருக்குமா, இருந்திருக்காதா?"