மறுதாரமும் தேசவழமையும்



1961ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் என் ஐயா இரண்டாம் முறை கலியாணம் செய்தார். அம்மா கண்மூடி மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு அப்போது ஒன்பது வயது. மேளமில்லை, பந்தலில்லை, எழுத்து மட்டும் நடந்தது.

அதற்கு முந்திய கிழமை அம்மப்பா நொத்தாரிசு ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். "தம்பி, பிள்ளையின்ரை பங்கை முதலிலை எழுதிப்போட்டு உம்மடை அலுவலைப் பாரும்" என்று ஐயாவிடம் சொன்னார். ஐயா மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைத்தார். மறுநாள் என் உடுப்புப் பெட்டியோடு நான் அம்மம்மா வீட்டுக்குப் போனேன். ஒரு காணித்துண்டைத் தந்து என்னைக் கழித்துவிட்டார்கள் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்தக் கோபம் தீர எனக்கு ஒரு பழைய சட்டத்தைப் படிக்க வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழக்காறுகளை எழுத்தில் தொகுத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்தர். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் வாழ்ந்து, திசாவையாக இருந்தவர். தேசாதிபதி சைமன்ஸ் இட்ட கட்டளைப்படி அவர் செய்த தொகுப்பு 1707இல் நிறைவேறியது. அது தமிழில் பெயர்க்கப்பட்டு 12 முதலிமாரின் பார்வைக்கு வைக்கப்பட்டது. அவர்கள் படித்து ஏற்றுக்கொண்ட பின்னரே நீதிமன்றங்களுக்குச் சென்றது. பிரித்தானியர் வந்த பிறகும், 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால், தேசவழமை சட்டமாக நிலைபெற்றது.

இந்தத் தேசவழமை குடும்பச் சொத்தை மூன்றாகப் பிரிக்கிறது. கணவன் தன் பெற்றோர் வழியில் கொண்டுவந்தது முதுசொம். மனைவி கொண்டுவந்தது சீதனம். இருவரும் வாழ்ந்த காலத்தில் சம்பாதித்தது தேடியதேட்டம். மனைவி இறந்தால், மறுமணம் செய்யாதவரை சொத்து முழுவதும் கணவன் பொறுப்பில் இருக்கும். அவன் மறுதாரம் தேட விரும்பினால், பிள்ளைகளை இறந்தவளின் தாய் தந்தையரோ நெருங்கிய உறவினரோ பொறுப்பேற்பது வழக்கம். அப்போது அவன் அவளுடைய சீதனம் முழுவதையும், தேடியதேட்டத்தில் பாதியையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

இதை வாசித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அம்மப்பா வன்மத்தால் எதையும் செய்யவில்லை. 1911இல் புதிய கட்டளைச் சட்டம் வந்து வாரிசு விதிகள் பல மாறிவிட்டபோதும், அவர் தம் பாட்டன் வழியில் கேட்டறிந்த முறைப்படியே நடந்திருக்கிறார். இரண்டாம் குடும்பம் தழைக்கும்போது முதற் குடும்பத்துப் பிள்ளை வெறுங்கையோடு நிற்கக்கூடாது என்பதே அந்த முறையின் உட்பொருள்.

இன்னொன்றும் கண்டேன். கணவனை இழந்த பெண் மறுமணம் செய்வதையும் தேசவழமை அதே சாதாரணக் குரலில்தான் பேசுகிறது. அவள் மறுபடி மணந்து, அங்கேயும் பிள்ளைகள் பிறந்தால், எவருக்கு எந்தச் சொத்து என்று கணக்குச் சொல்கிறது. அவள் மணக்கலாமா என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

வங்காளத்திலோ அந்தக் கேள்விக்காக ஈசுவர சந்திர வித்தியாசாகர் பெரும் போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. சாத்திர ஆதாரம் காட்டி அவர் நூல் எழுதினார். எதிர்த்துக் கையொப்பமிட்டவர்களோ அவருடைய பக்கத்தாரிலும் மிகப் பலர். ஆயினும் 1856 ஜூலையில் இந்து விதவைகள் மறுமணச் சட்டம் நிறைவேறியது. ஆனால் அந்தச் சட்டத்தின் 2ஆம் பிரிவைப் பாருங்கள். மறுமணம் செய்தவளுக்கு, இறந்த கணவனின் சொத்தில் இருந்த உரிமை, அவளே அன்று இறந்துபோனாற் போல அற்றுப்போகும் என்றிருந்தது. வாழ அனுமதித்த கையே அவளைச் செத்தவளாகவும் எழுதியது.

சட்டம் வந்ததும் ஊர் வாய் மூடிவிடவில்லை. பூனாவில் பேராசிரியராக இருந்த தோண்டோ கேசவ் கார்வே 1891இல் மனைவியை இழந்தார். மீண்டும் மணப்பதானால் ஒரு விதவையையே மணப்பேன் என்று உறுதிகொண்டு, 1893இல் நண்பரின் சகோதரி கோதுபாயைக் கைப்பிடித்தார். எட்டு வயதில் விதவையானவர் அந்த அம்மையார். பண்டித ரமாபாயின் சாரதா சதனத்தில் படித்தவர். சட்டம் நிறைவேறி 37 வருடங்கள் கழிந்தும், கார்வேயின் சொந்த ஊரார் அவர்களைச் சாதிவிலக்குச் செய்தனர். அவரோ 1896இல் விதவைகளுக்கு இல்லம் அமைத்தார். 1916இல் பெண்களுக்குப் பல்கலைக்கழகமே நிறுவினார். 104 வயதுவரை வாழ்ந்தார்.

எங்கள் வீட்டிலும் ஊர்வாய் ஓயவில்லை. சின்னம்மாவும் கணவனை இழந்தவர். ஐயா படிப்பித்த பாடசாலையில் தையல் ஆசிரியை. ஐயாவுக்கு "பாவம், ஆம்பிளை தனிய எப்பிடி இருக்கிறது" என்றவர்களே சின்னம்மாவுக்கு "இந்த வயதிலை இவவுக்கு என்ன கேடு" என்றார்கள். கலியாண வீடுகளில் அவர் ஆரத்தி எடுக்க எவரும் அழைக்கவில்லை. தாலி கழுத்தில் இருந்தும் ஊர் கண்ணுக்கு அவர் விதவையாகவே இருந்தார். 1707இல் முதலிமார் ஏற்றுக்கொண்டதை எங்கள் அயல் 1961இலும் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஆனால் தேசவழமைக்கும் ஒரு குறை உண்டு. அது காணியைக் காத்தது. தாயை இழந்த பிள்ளை தகப்பனையும் பிரிந்திருக்க வேண்டுமா என்று கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் ஐயா சைக்கிளில் என்னைப் பார்க்க வருவார். அவர் திரும்பும்போது படலை சாத்தும் சத்தம் இன்றும் என் காதில் நிற்கிறது.

கடைசிக் காலத்தில், படுக்கையில் இருந்த ஐயாவிடம், ஏன் மறுபடி கலியாணம் செய்தீர்கள் என்று கேட்டேன். "உன்ரை அம்மாவைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டால் எல்லாரும் பேச்சை மாத்திப்போடுவினம், பிள்ளை. அவ ஒராள்தான் இருந்து கேட்டவ" என்றார். அம்மாவின் திவசத்துக்கு வருடம் தவறாமல் விரதம் இருந்து சமைத்தவர் சின்னம்மாதான் என்பது அப்போதுதான் எனக்கு நினைவில் தட்டியது.

2009இல் முடிந்த நீண்ட போர் எங்கள் ஊர்களில் எத்தனையோ இளம் பெண்களைத் தனியே விட்டுச் சென்றது. அண்மையில் உறவினர் ஒருவர், கணவனை இழந்த தம் மகளைக் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார், சனம் என்ன சொல்லுமோ என்று என்னிடம் கலங்கினார். இரண்டு பிள்ளைகள் அவளுக்கு. நான் சொன்னேன்: "சனத்தை விடுங்கோ. பிள்ளையளுக்கு உரியது என்ன, அவை ஆரோடை இருக்கப்போகினம் எண்டு மட்டும் கேளுங்கோ. முதலாவதை எழுத்திலை வையுங்கோ. இரண்டாவதைப் பிள்ளையளிட்டையே கேளுங்கோ."

என்னிடம் 1961இல் எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஐயாவோடும் சின்னம்மாவோடும் இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேனோ என்று இப்போது எண்ணுகிறேன்.