மூடுகாலம்: போடிமெட்டுக்கு மேலே ஒரு வேட்டை விதியின் வரலாறு

காட்டுயிர்களை அழித்தவர்கள் வேட்டைக்காரர்களே என்பது பொதுவான எண்ணம். அவற்றைக் காக்க முதன்முதலில் சட்டம் கேட்டவர்களும் அவர்களே என்பது பலர் அறியாத செய்தி. போடிமெட்டுக்கு மேலே விரியும் மலைகளின் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் பார்த்தால் இரண்டும் உண்மை என்று தெரிகிறது. ஆனால் இவ்விரண்டு உண்மைகளுக்கும் இடையில் மூன்றாவதாக ஒரு மனிதக்கூட்டம் நிற்கிறது. வேட்டை பற்றி எழுதப்பட்ட புத்தகங்களில் அவர்கள் பெரும்பாலும் பெயரில்லாத வழிகாட்டிகளாகவே வந்துபோகிறார்கள். இக்கட்டுரை அந்த மூவரையும் சேர்த்துப் பார்க்கும் முயற்சி.

போடிநாயக்கனூரிலிருந்து மலைச்சாலையில் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் போடிமெட்டு. தமிழ்நாடு அங்கே முடிகிறது. அதற்கப்பால் பூப்பாறை, தேவிகுளம், மூணாறு. கீழ்ச்சரிவுகளில் ஏலத்தோட்டம், அதற்கு மேலே தேயிலை, தேயிலைக்கும் மேலே சோலையும் புல்வெளியும். இந்த அடுக்குகளில் மிளா வாழ்கிறது. நூல்களில் கடமான் என்று எழுதப்படுவது இதுதான். கேளையாடு என்ற சிறுமான் உண்டு. உச்சிப் புல்வெளிகளையும் செங்குத்துப் பாறைகளையும் நம்பி வரையாடு வாழ்கிறது. இது மானினம் அன்று, ஆட்டினம். சங்க நூல்கள் கூறும் வருடை இதுவே என்பர். வெள்ளைக்கார வேட்டைக்காரர்களோ இதை ஐபெக்ஸ் என்று தவறான பெயரிட்டு அழைத்தார்கள். அவர்களுடைய வேட்டை விதிகளில் மிளாவும் வரையாடும் பெரும்பாலும் அடுத்தடுத்தே இடம்பெற்றன.

அந்த விதிகள் பிறந்தது நீலகிரியில். 1819இல் ஜான் சலிவன் அங்கே ஏறிய பிறகு இரண்டு தலைமுறைக்குள் உதகை ஒரு வேட்டை நகரமாகிவிட்டது. காப்பியும் சின்கோனாவும் தேயிலையும் காட்டைத் தின்றன. துப்பாக்கிகள் எஞ்சியதைத் தின்றன. விலங்குகள் குறைவதை முதலில் உணர்ந்தவர்கள் அவற்றைத் தேடி நாள்கணக்கில் அலைந்தவர்கள்தாம். 1877இல் நீலகிரியில் வேட்டை விலங்குகளைக் காப்பதற்கென ஒரு சங்கம் அமைந்தது. அதன் முயற்சியால் 1879இல் சென்னை மாகாண அரசு நீலகிரி மாவட்டத்துக்கென்று வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அரசு அறிவிக்கும் மாதங்களில் குறிப்பிட்ட விலங்குகளைச் சுடுவது குற்றம் என்பதே அதன் சாரம். அம்மாதங்களுக்கு மூடுகாலம் என்று பெயர்.

மூடுகாலத்தின் பின்னே ஓர் எளிய கணக்கு இருக்கிறது. மிளாவிலும் வரையாட்டிலும் ஓர் ஆண் பல பெண்களோடு இணையும். ஆண்களில் சில குறைந்தாலும் அடுத்த ஆண்டின் குட்டிகள் பெரிதும் குறைவதில்லை. சினையாக உள்ள ஒரு பெண்ணைச் சுட்டால் வயிற்றிலிருப்பதும் போகிறது, அவள் இனி ஈனவிருப்பவையும் போகின்றன. ஆகவே பெண்ணையும் குட்டியையும் சுடலாகாது, ஈனும் மாதங்களிலும் குட்டிகள் பால் குடிக்கும் மாதங்களிலும் துப்பாக்கியை எடுக்கலாகாது, ஒரு பருவத்தில் ஒருவர் இத்தனைக்கு மேல் சுடலாகாது என்ற மூன்று வரம்புகள் உலகெங்கும் வேட்டை விதிகளின் அடிப்படையாயின. கொம்பைக் கண்டு மிளாவின் ஆணை அடையாளம் சொல்லிவிடலாம். முதிர்ந்த ஆண் வரையாட்டின் முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிறிய பட்டை ஒன்று தோன்றும். தொலைநோக்கியில் அது தெளிவாகத் தெரியும். வேட்டைக்காரர்கள் தேடிப்போனதும் அந்தச் சேண முதுகைத்தான். அவர்களுடைய ஆசையும் இனப்பெருக்கக் கணக்கும் அந்த ஓரிடத்தில் ஒத்துப்போயின.

இதே கணக்கை வட அமெரிக்கா வேறு விதத்தில் போட்டது. அங்கே எல்க் என்னும் பெருமான், இறைச்சிக்கும் தோலுக்குமான வணிக வேட்டையால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் பெரும்பாலான நிலங்களிலிருந்து மறைந்துவிட்டது. 1900இன் லேசி சட்டம், மாகாண விதிகளை மீறிக் கொன்ற விலங்குகளை மாகாணம் விட்டு மாகாணம் கடத்துவதைத் தடுத்தது. வேட்டைப் பருவங்கள் நாள்கணக்கில் வரையறுக்கப்பட்டன. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கிகள், தோட்டாக்கள் மீதான வரியைக் காட்டுயிர்ப் பணிக்கே திருப்பிவிட்டது. மந்தையை எண்ணி, எண்ணிக்கைக்கேற்ப அடுத்த பருவத்தின் சீட்டுகளைக் கூட்டியும் குறைத்தும் நடத்தும் முறை அங்கே வேரூன்றியது. மந்தை பெருகி மேய்ச்சல் அழிந்த இடங்களில் பெண் மான்களையும் சுட அனுமதித்தார்கள். பருவம் என்பது அங்கே ஒவ்வோர் ஆண்டும் திருத்தி எழுதப்படும் ஒரு கணக்கு.

நம் மலைகளில் அந்தக் கணக்கை அரசு போடவில்லை. தோட்டக் கம்பெனி போட்டது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாற்றுத் தலைவரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவானது. காடுகள் தேயிலையாக மாறின. ஆனால் ஆனைமுடிக்கு அருகிலுள்ள இரவிகுளம் பீடபூமி ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேலே, உறைபனியும் காற்றும் தேயிலைக்கு ஒவ்வாத உயரத்தில் இருந்தது. அதைத் துரைமார்கள் தங்கள் வேட்டைக்கென ஒதுக்கிக்கொண்டார்கள். 1928இல் அமைந்த உயர்மலை வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அதை நிர்வகித்தது. பயிருக்கு உதவாத நிலமாகவும் வெளியார் சுட முடியாத நிலமாகவும் ஒருசேர இருந்ததே வரையாட்டின் நல்லூழ்.

காவலுக்கு அச்சங்கம் அமர்த்தியது முதுவர்களை. மதுரையிலிருந்து மலையேறி வந்ததாகத் தங்கள் மரபைச் சொல்லும் இம்மக்களுக்கு எந்தப் பாறையில் எந்த மாதத்தில் எந்தக் கூட்டம் நிற்கும் என்பது தெரியும். திருட்டு வேட்டைக்காரர்களின் தடத்தைக் கண்டு சொன்னவர்களும், கோடையில் பெருந்தீ பரவாமலிருக்கப் புல்வெளியைப் பகுதி பகுதியாக முன்கூட்டியே எரித்துவிட்டவர்களும் அவர்களே. எரித்த இடத்தில் முளைக்கும் இளம்புல் வரையாட்டுக்கு மேய்ச்சலானது. காகிதத்தில் இருந்த விதி மலையில் நடந்தது இவர்களுடைய கால்களால்.

இங்கேதான் ஒரு முரணைக் காண்கிறோம். 1882இன் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளில் வேட்டையை அரசு விதிகளுக்கு உட்படுத்தியது. 1912இல் இந்தியா முழுமைக்குமான காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மான்களும் ஆடுகளும் அதன் பட்டியலில் இருந்தன. மூடுகாலத்தை அறிவிக்கும் அதிகாரம் மாகாண அரசுகளுக்குக் கிடைத்தது. அச்சட்டங்கள் துப்பாக்கியும் உரிமச்சீட்டும் வைத்திருந்தவரை விளையாட்டு வீரர் என்றன. கண்ணி வைத்தவரையும் நாயோடு மிளாவைத் துரத்தியவரையும் திருடர் என்றன. குடும்பத்தின் பசிக்காக ஒரு மானைப் பிடித்தவன் குற்றவாளி. சுவரில் மாட்ட ஒரு தலையைக் கொண்டுபோனவன் கனவான். மலைமக்களின் வேட்டையில் தீங்கே இல்லை என்று சொல்வதற்கில்லை. கண்ணிக்கு ஆணென்றும் பெண்ணென்றும் தெரியாது, மாதமும் தெரியாது. ஆனால் மந்தைகள் சரிந்தது கண்ணிகள் பெருகியதால் அன்று. காடு தோட்டமானதும் துப்பாக்கிகள் பெருகியதுமே அதற்குக் காரணம். அதற்கான அபராதத்தை வேறொருவர் கட்டினார் என்பதே இச்சட்டங்களின் ஆறாத புண்.

1912ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருந்தது. தற்காப்புக்காகவும் உடைமையைக் காக்கவும் விலங்கைக் கொல்வது குற்றமாகாது என்றது. பயிரும் உடைமையே. தோட்டங்கள் மலையேறிய இடத்திலெல்லாம் மிளா பயிரழிக்கும் விலங்காக மாறியது. விலங்குக்கோ இதில் எதுவும் தெரியாது. திருவிதாங்கூர் எல்லைக்குள் அதற்கு ஒரு விதி; கிழக்குச் சரிவில் இறங்கிச் சென்னை மாகாணத்துக்குள் வந்தால் வேறொரு விதி. ஒரு பக்கம் மூடுகாலம் கடைப்பிடிக்கப்பட்டாலும் மறுபக்கத்துத் துப்பாக்கி அதைச் செல்லாக்காசாக்கிவிடும். போடிமெட்டைப் போன்ற எல்லை மலைகளில் மூடுகாலத்தின் பெரிய குறைபாடு இதுவாகவே இருந்தது.

மெல்ல, பருவம் என்ற கருத்தின் இடத்தைப் புகலிடம் என்ற கருத்து பிடித்தது. 1934இல் திருவிதாங்கூர் அரசு பெரியாற்று நீர்த்தேக்கத்தைச் சுற்றி நெல்லிக்காம்பட்டி சரணாலயத்தை அறிவித்தது. 1940இல் முதுமலை சரணாலயமாயிற்று. 1971இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. இரவிகுளம் 1975இல் சரணாலயமாகவும் 1978இல் 97 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவாகவும் மாறியது. 1972இன் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டை முதல் பட்டியலில் சேர்த்து அதன் வேட்டையை முற்றாகத் தடுத்தது. ஆயினும் வேறு சில விலங்குகளை உரிமச்சீட்டுப் பெற்றுச் சுடும் வழியை அது விட்டுவைத்தது. 1991இன் திருத்தம் அந்தக் கதவையும் அடைத்தது. பழைய வேட்டைச் சங்கம் தன் பெயரிலிருந்து வேட்டையை நீக்கிக்கொண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சங்கமாகத் தொடர்ந்தது.

வேட்டை நின்றபின் மூடுகாலமும் மறைந்துவிட்டதா என்றால், இல்லை. வரையாடுகள் பெரும்பாலும் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் குட்டி ஈனுகின்றன. அதையொட்டி ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரவிகுளத்தின் ராஜமலை வாயிலைச் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடிவிடுகிறார்கள். துப்பாக்கிக்கு எதிராகப் பிறந்த கருத்து இன்று கைப்பேசிக் கேமராக்களுக்கு எதிராக நிற்கிறது. காரணம் மட்டும் மாறவில்லை. ஈனும் தாய்க்குச் சில வாரங்கள் தொந்தரவில்லாமல் வேண்டும்.

எண்ணும் பழக்கமும் வேட்டை மரபிலிருந்து வந்ததே. வரையாடு வாழும் மலைகள் முழுவதையும் சுற்றி அதன் எண்ணிக்கையை முதன்முதலாக மதிப்பிட்டவர் இ. ஆர். சி. டேவிதார். வழக்கறிஞரான அவர் வேட்டையிலிருந்து பாதுகாப்புக்கு வந்தவர். 1970களின் நடுவில் அவர் கண்ட எண்ணிக்கை ஏறத்தாழ 2,200. அவர் நினைவாகவே தமிழ்நாடு அக்டோபர் 7ஐ வரையாட்டு நாளாகக் கொண்டாடுகிறது. 2022இல் தமிழ்நாடு அரசு வரையாட்டுக்கென்று 25 கோடி ரூபாய் அளவில் ஒரு திட்டத்தை அறிவித்தது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகளும் 2025இல் 1,303ம் பதிவாயின. இந்த வேறுபாட்டில் எண்ணிய இடங்கள் கூடியதற்கும் பங்குண்டு. 2025இல் தமிழ்நாடும் கேரளமும் ஒரே நாட்களில் எண்ணின என்பதே இதில் முக்கியமான செய்தி. எல்லையைக் கடக்கும் விலங்கை எல்லையைக் கடந்து எண்ண நமக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

இந்த வரலாறு பழங்கதையாக முடிந்துவிடவில்லை. 2022இல் கேரளம், பயிரழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்றது. பயிரை இழக்கும் விவசாயியின் துயரம் உண்மையானது. அதற்குத் தீர்வு தேவை. ஆனால் சுடுவதற்கான அனுமதி மட்டும் ஒரு விதியாகிவிடாது. எத்தனை இருக்கின்றன, எந்த மாதத்தில் எவற்றை எடுக்கலாம், அதைக் காட்டில் நின்று பார்ப்பவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை வேண்டும். 1879இன் சட்டத்துக்கு இரண்டாம் கேள்வி தெரிந்திருந்தது. முதல் கேள்விக்கு விடை தேட டேவிதார் வரவேண்டியிருந்தது. மூன்றாம் கேள்விக்கான விடை முதுவர்களின் குடிகளில் எப்போதும் இருந்தது. காவலுக்கு அவர்களை அழைத்தவர்கள், விதியை எழுதும்போது மட்டும் அழைக்கவில்லை. இனி எழுதப்படும் விதிகளிலேனும் அந்தப் பிழை திருத்தப்பட வேண்டும். அது அவர்களுக்குச் செய்யும் நீதி மட்டுமன்று. மலையில் நிற்க ஆளில்லாத விதி எந்த மந்தையையும் காத்ததில்லை.