சார்காஃபின் ஜோடிகள்

இயற்கைக்கு எதிரிணைகள்மீது மோகம் உண்டென்று தத்துவவாதிகள் சொல்லும்போது எனக்கு எர்வின் சார்காஃப் ஞாபகம் வருகிறது. வியன்னாவில் கார்ல் க்ரவுஸின் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்தவர். பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரசாயனம். டி.என்.ஏ.வில் அடினைனும் தைமினும் ஏறக்குறைய சம அளவு, குவானைனும் சைட்டோசினும் அப்படியே என்று 1950இல் எழுதினார். காரணம் சொல்லவில்லை. 1953இல் வாட்சனும் க்ரிக்கும் சொன்னார்கள்: பெரிய மூலக்கூறு ஒன்று, சிறியது ஒன்று, அப்போதுதான் ஏணியின் அகலம் மாறாமலிருக்கும்.

ஆக, இவை எதிரிகளே அல்ல. ஒன்று விட்ட இடத்தில் மற்றது பொருந்துகிறது, அவ்வளவுதான். ‘எதிர்’ என்பது நாம் ஒட்டிய சீட்டு. (உருவம், உள்ளடக்கம் என்று கட்சி கட்டும் நம் விமர்சகர்களும் கவனிக்கலாம்.) எதிர்மை உண்மையில் இருப்பது வேறிடத்தில்: இரு இழைகளும் எதிரெதிர்த் திசைகளில் ஓடுகின்றன. அவை பிரிந்தால் பழைய இழை ஒவ்வொன்றும் புதுத்துணை பெறுகிறது என்பதை 1958இல் மெஸல்சனும் ஸ்டாலும் காட்டினார்கள்.

முரண்களின் இழுபறியிலேயே இசைவைக் கண்டவர் ஹெராக்ளிடஸ். 1978இல் வெளியான தன் சுயசரிதைக்கு அவருடைய நெருப்பையே தலைப்பாக்கினார் சார்காஃப். அதில் இசைவைவிடக் கசப்புதான் தூக்கல். 1962 நோபல் பரிசில் அவர் பெயர் இல்லை.