எக்ஸ்பி விடைபெற்ற ஆண்டு

கணிப்பொறியின் விசையை அழுத்தியதும் திரை ஒளிர்கிறதல்லவா? விசைப்பலகை, நினைவகம், அச்சுப்பொறி ஆகிய அனைத்தையும் வேலை வாங்கும் மேற்பார்வையாளன் ஒருவன் அப்போது விழித்துக்கொள்கிறான். அவனே இயங்குதளம்.

2001-ல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட விண்டோஸ் எக்ஸ்பி நம் அலுவலகங்களில் நெடுநாள் கோலோச்சியது. 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு பொதுப் பயனாளர்க்கு அதன் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. பூட்டு கெட்டால் பழுதுபார்க்க ஆளில்லை என்ற நிலை. அவ்வாண்டு தமிழக அரசு, தன் அலுவலகங்களில் எக்ஸ்பிக்கு மாற்றாக 'பாஸ்' லினக்சை நிறுவப் பணித்தது.

பாஸ், சென்னை சி-டாக் மையத்தில் உருவானது. அதன் வேர் டெபியன். டெபியனின் கருவோ 1991-ல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ். விலை இல்லை, மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். விண்டோசின் மூலநிரல் அந்நிறுவனத்திடமே இருக்கும்.

ஆனால் தருமபுரியில் விண்ணப்பம் தட்டச்சு செய்பவர் மூலநிரலையா கேட்பார்? "என் பழைய கோப்பு திறக்குமா?" என்பார். நியாயமான கேள்வி. கோப்பு திறக்கும், எழுத்துகள் அலங்கோலமாகத் தெரியக்கூடும். பழைய தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கிலக் குறிகளுக்குரிய எண்களில் தமிழ் எழுத்துகளைத் தம் விருப்பப்படி ஏற்றியிருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் 'அ' இருந்த இடத்தில் ஏதோ ஓர் ஆங்கிலக் குறி நிற்கும்.

யூனிகோடு முறையில் 'அ'வுக்கு எங்கும் ஒரே எண், 2949. தமிழக அரசு 2010-ல் இம்முறையை ஏற்றது. இதில் எழுதிய கடிதத்தை விண்டோசிலும் படிக்கலாம், லினக்சிலும் படிக்கலாம். முந்தைய கோப்புகளைத்தான் எழுத்துமாற்றி நிரலில் இட்டு, பிழை பார்த்து, ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.