பிலிப்பைன்ஸில் ஸ்பானிய ஆட்சியும் கத்தோலிக்க சமயமும்

ஆசியாவில் கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் நாடுகள் பிலிப்பைன்ஸும் கிழக்குத் திமோரும் மட்டுமே. பிலிப்பைன்ஸில் இச்சமயம் வேரூன்றியது 1565 முதல் 1898 வரை நீடித்த ஸ்பானிய ஆட்சியில். மெக்சிகோ வழியாக, பசிபிக் கடலைக் கடந்து வந்த ஆட்சி அது. ஆயிரக்கணக்கான தீவுகளில் ஊர் ஊராகச் சென்று இச்சமயத்தை நிலைநாட்டியவர்கள் துறவிகள். மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அதே துறவிகள், அவர்களின் பிள்ளைகளுக்குக் குருப்பட்டத்தின் முழு மதிப்பையும் தர மறுத்தார்கள். இந்த வரலாற்றின் மையமான முரண்பாடு அதுதான்.

முதல் வருகை 1521இல். ஸ்பெயினுக்காகக் கப்பலோட்டிய போர்ச்சுகீசியரான மெகல்லன், அந்த ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று லிமசாவா தீவில் திருப்பலி நடத்தச் செய்தார். இரு வாரங்களில் செபு அரசர் ஹுமாபோனும் அவருடைய அரசியும் திருமுழுக்குப் பெற்றனர். அரசிக்குக் குழந்தை இயேசுவின் சிறிய மரச் சொரூபம் ஒன்று பரிசாகக் கிடைத்தது. ஏப்ரல் 27 அன்று அருகிலிருந்த மக்தான் தீவில் லாபுலாபுவின் வீரர்கள் மெகல்லனைக் கொன்றனர். எஞ்சியவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். 44 ஆண்டுகள் கழித்து ஸ்பானியத் தளபதி லெகாஸ்பியின் படை செபுவைத் தாக்கியபோது ஊர் தீப்பிடித்தது. எரிந்த குடியிருப்புகளைத் துழாவிய படைவீரர் ஒருவர், பெட்டிக்குள் பத்திரமாக இருந்த அதே சொரூபத்தைக் கண்டெடுத்தார். குருக்கள் யாருமில்லாத அத்தனை ஆண்டுகளும் அதை யாரோ பேணிக் காத்திருக்கிறார்கள். இன்றும் செபு பெருங்கோவிலில் இருக்கும் அச்சொரூபத்தின் விழா, ஒவ்வொரு ஜனவரியும் மூன்றாம் ஞாயிறன்று நடக்கிறது.

லெகாஸ்பியுடன் வந்த ஐந்து அகுஸ்தீன் சபைத் துறவிகளில் ஒருவரான உர்தனேத்தா, மெக்சிகோவுக்குத் திரும்பும் கடல்வழியைக் கண்டறிந்தார். அந்த வழியில் மணிலாவுக்கும் அகாபுல்கோவுக்கும் இடையே 1815 வரை வணிகக் கப்பல்கள் ஓடின. பிரான்சிஸ்கன் சபையினர் 1578இலும், இயேசு சபையினர் 1581இலும், டொமினிக்கன் சபையினர் 1587இலும் வந்து சேர்ந்தனர்.

இவர்கள் எல்லோரையும் அரசோடு பிணைத்தது, திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ் 1508இல் ஸ்பானிய மன்னருக்கு வழங்கிய புரவலர் உரிமை. முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்கள் நன்கறிந்த போர்ச்சுகீசியரின் பதுரவாதோ போன்றதே இதுவும். ஆயர்களை மன்னர் பரிந்துரைத்தார். மறைப்பணிக்கு அரசு பணம் கொடுத்தது. பெரும்பாலான ஊர்களில் மக்கள் கண்ட ஒரே ஸ்பானியர் பங்குக் குருதான். 1762இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ஆங்கிலேயப் படை, சிப்பாய்களோடு மணிலாவைத் தாக்கியபோது நகரை ஒப்படைத்த தற்காலிக ஆளுநர், அந்நகரின் பேராயர் ரோஹோவே. திருச்சபையும் அரசும் எவ்வளவு நெருங்கிப் போயிருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மொழி விஷயத்தில் துறவிகள் எடுத்த முடிவு பெரியது. மக்களுக்கு ஸ்பானியம் கற்பிப்பதைவிடத் தாங்களே மக்களின் மொழிகளைக் கற்பது என்று தீர்மானித்தார்கள். 1593இல் மணிலாவில் அச்சான 'தொக்ட்ரினா கிறிஸ்தியானா' அதன் விளைவு. சீனக் கைவினைஞர்கள் மரப்பலகைகளில் எழுத்துகளைச் செதுக்கி அச்சிட்ட மறைக்கல்வி நூல் அது. ஸ்பானியம், ரோமன் எழுத்தில் தகாலோகு, தகாலோகு மக்களின் சொந்த எழுத்தான பைபாயின் என மூன்று வடிவங்களில் செபங்கள் அதில் உள்ளன. கொல்லத்தில் தமிழில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இதற்கு 15 ஆண்டுகள் மூத்தது. தமிழ் நூலின் பெயரில் கடவுள் 'தம்பிரான்' ஆனார். மணிலாவிலோ பழைய தெய்வங்களோடு குழப்பம் வரக்கூடாதென்று 'தியோஸ்' என்ற ஸ்பானியச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள்.

பைபாயினும் பிராமி வழிவந்த எழுத்துதான். ஆனால் அதில் மெய்யெழுத்தைத் தனியாகக் காட்டப் புள்ளி கிடையாது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ்கோ லோபஸ் என்ற துறவி, இலோகானோ மொழி நூலொன்றை அச்சிடும்போது, நாம் புள்ளி வைப்பதுபோல எழுத்தின் அடியில் ஒரு சிறு சிலுவைக் குறி இட்டார். மக்களிடம் அது பரவவில்லை. காலப்போக்கில் அன்றாட வழக்கிலிருந்து பைபாயினே பெரும்பாலும் மறைந்துபோனது. சமய மாற்றத்தோடு நேர்ந்த இழப்புகளில் இது மிகவும் வருந்தத்தக்கது.

சிதறிக் கிடந்த குடிகளைக் கோவிலைச் சுற்றிக் குடியேற்றியது அடுத்த நடவடிக்கை. 'மணியோசைக்குள் வாழ்தல்' என்பது அதற்கு வழங்கிய தொடர். மணியோசைக்குள் வந்தவர் வரிக்கணக்குக்குள்ளும் வந்தார். ஆண்டுக்கு 40 நாள் கட்டாய வேலைக்கும் உட்பட்டார். கோவில்களை எழுப்பிய கைகள் அவர்களுடையவைதான். மியாகாவோ ஊர்க் கோவிலின் முகப்பில் புனித கிறிஸ்டோபர், குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஒரு தென்னை மரத்தைப் பற்றி நிற்கிறார். பக்கத்தில் பப்பாளியும் கொய்யாவும் காய்த்திருக்கின்றன. இயேசுவின் பாடுகளைச் சொல்லும் 'பஸ்யோன்' காவியத்தையும் மக்கள் இப்படித்தான் தமதாக்கிக்கொண்டு, தவக்காலத்தில் தம் மொழியிலேயே நீட்டி இசைத்து வருகிறார்கள்.

எதிர்ப்பும் தொடக்கம் முதலே இருந்தது. 1621இல் போகோல் தீவில் பூசாரி தம்ப்லோத் பழைய தெய்வங்களின் பெயரால் மக்களைத் திரட்டினார். தெற்கே முஸ்லிம் சுல்தான்களின் நிலங்கள் கடைசிவரை முழுதாக வசப்படவில்லை. நெடுங்காலம் நீடித்த கலகம் போகோல் தீவிலேயே தகோகோய் என்பவர் நடத்தியது. அவருடைய சகோதரரின் உடலுக்குக் கிறிஸ்தவ அடக்கம் தர ஒரு குரு மறுத்தார். அந்தக் காயத்திலிருந்து 1744இல் மூண்ட கலகம் 1829 வரை ஓயவில்லை.

எல்லாவற்றையும்விட ஆழமாகப் பாதித்தது குருத்துவச் சிக்கல். பிலிப்பினோக்கள் மறைமாவட்டக் குருக்களாக முடிந்தது. ஆனால் நல்ல பங்குகள் சபைத் துறவிகளிடமே இருந்தன. பூர்வகுடி என்பதால் துறவு சபையில் இடம் மறுக்கப்பட்ட அப்போலினாரியோ தெ லா குரூஸ், புனித சூசையப்பர் பெயரில் பக்திச் சபை ஒன்றைத் தொடங்கினார். அரசு அதைக் கலகம் என்று கருதி நசுக்கி, 1841இல் அவரைக் கொன்றது. 1872 பிப்ரவரி 17 அன்று கோமெஸ், புர்கோஸ், சமோரா ஆகிய மூன்று குருக்கள், கவித்தே நகரில் நடந்த படைவீரர் கலகத்தைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, கழுத்து நெரிக்கும் பொறியில் கொல்லப்பட்டனர். கோமெஸுக்கு வயது 72. அவர்களின் குருத்துவ உரிமையைப் பறிக்கும்படி அரசு கேட்டபோது பேராயர் மறுத்துவிட்டார். பிலிப்பினோ எழுத்தாளர் ஹோசே ரிசால் தமது இரண்டாம் நாவலை இம்மூவருக்கும் காணிக்கையாக்கினார். 1896 டிசம்பரில் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1898இல் ஸ்பெயின் வெளியேறி, நாடு அமெரிக்கர் கைக்கு மாறியது. 1902இல் ரோமிலிருந்து பிரிந்த பிலிப்பைன் சுதந்திரத் திருச்சபைக்கு, பிலிப்பினோ குருவான கிரெகோரியோ அக்லிப்பாய் தலைமை ஏற்றார். துறவு சபைகளின் பரந்த நிலங்களில் பெரும்பகுதியை அமெரிக்க நிர்வாகம் விலைக்கு வாங்கியது. 1906இல் ஹோர்ஹே பார்லின் முதல் பிலிப்பினோ ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1595இல் உயர்மறைமாவட்டமான மணிலாவின் பேராயராக ஒரு பிலிப்பினோ, கபிரியேல் ரெயஸ், பொறுப்பேற்றது 1949இல்.