புல் திரும்பியது, நத்தை திரும்பவில்லை

ஆழமில்லாத கடலிலும் புல் வளரும். இது பாசி அல்ல. வேர், பூ, விதை எல்லாம் உள்ள தாவரம்.

வட அட்லாண்டிக் கரைகளில் 'ஈல்கிராஸ்' என்ற கடல்புல் பரந்து கிடந்தது. 1930களின் தொடக்கத்தில் ஒரு நுண்ணுயிரியால் அதற்கு நோய் வந்தது. சில ஆண்டுகளில் சுமார் 90 சதவீதப் புல் அழிந்தது.

புல் போனால் என்ன?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலக் கடலோரத்தில் 1933இல் புயலும் சேர்ந்துகொள்ள, புல் அடியோடு மறைந்தது. அங்கிருந்த ஸ்காலப் என்ற சிப்பியின் குஞ்சுகள் மெல்லிய நூல்களால் புல் இலையைப் பற்றிக்கொண்டு, கீழே திரியும் நண்டுகளிடமிருந்து தப்பிப்பவை. பற்றிக்கொள்ள இலை இல்லாததால் சிப்பி அழிந்தது, அதை நம்பியிருந்த தொழிலும் படுத்தது.

இதைவிடக் கொடுமை, கனடாவின் லாப்ரடாரிலிருந்து நியூயார்க் பக்கம் வரை வாழ்ந்த ஒரு சிறு நத்தைக்கு நேர்ந்தது. அதன் பெயர் லோட்டியா ஆல்வியஸ். ஈல்கிராஸ் இலைதான் அதற்கு வீடும் சாப்பாடும். உப்பு குறைந்த முகத்துவாரங்களில் நோய் பரவாததால் புல் அங்கே பிழைத்தது. நத்தைக்கோ அந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. 1929க்குப் பிறகு அது யார் கண்ணிலும் படவில்லை. அது அழிந்துவிட்டது என்று விஞ்ஞானிகள் எழுதியதே 1991இல்தான்!

வர்ஜீனியாவில் 1999 முதல் ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் 7 கோடிக்கும் அதிகமான விதைகளைத் தூவினார்கள். 2020 வாக்கில் சுமார் 3,600 ஹெக்டேரில் புல் தழைத்தது. மீன்கள் பெருகின. ஸ்காலப்பையும் கொண்டுவந்து விட்டார்கள்.

விதைத்தால் புல் வரும். அழிந்த நத்தையை எதை விதைத்து வரவழைப்பது?