வளைகுடாவில் ரூபாய் புழங்கிய காலம்

என் சொந்த ஊர் இனயம். மீன்பிடிக்கவும் மற்ற வேலைக்கும் அங்கிருந்து வளைகுடா போனவர்கள் ஏராளம். நம் குடியிருப்பிலும் பலருடைய பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள்.

போன வருடம் மகளைப் பார்க்க துபாய் போனேன். கடையில் கார்டு கொடுத்தபோது, "ரூபாயா, திர்ஹாமா?" என்று மெஷின் கேட்டது. நம்ம ரூபாய்தானே என்று அதையே தொட்டேன். வங்கியில் காலமெல்லாம் கணக்கு எழுதியவன் ஏமாந்தது அங்கேதான்.

இந்தக் கேள்விக்கே இடமில்லாத காலமும் இருந்தது. 1950-களில் குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய் எங்கும் இந்திய ரூபாயே செலாவணி. ஆனால் தங்கக் கடத்தலுக்காக வெளியே போன நோட்டுகள், ஸ்டெர்லிங் கேட்டு ரிசர்வ் வங்கிக்கே திரும்பி வந்தன. நம் அந்நியச் செலாவணி கரைந்தது. அதனால் 1959-இல் வளைகுடாவுக்கென்றே வேறு நிறத்தில் நோட்டு அடித்தார்கள். இந்தியாவுக்குள் அது செல்லாது.

குவைத் 1961-லும் பஹ்ரைன் 1965-லும் சொந்த தினாருக்கு மாறின. 1966 ஜூன் 6 அன்று ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள், டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆனது. அந்த வருடமே கத்தாரும் துபாயும் ரூபாயைக் கைவிட்டன. ஓமன் 1970 வரை வைத்திருந்தது. இன்றைய திர்ஹாம் வந்தது 1973-இல்.

அதற்குப் பிறகு, பணம் கடல் தாண்டினால் நடுவில் ஒருவருக்குக் கூலி உண்டு. ஊருக்கு அனுப்பும் பணத்திலும் உண்டு, கார்டிலும் உண்டு. பல வங்கிகள் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை 'மார்க்-அப்' எடுக்கின்றன. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 10,000 ரூபாய்க்கு 350-உம் 63-உம் சேர்ந்து 413 ரூபாய்.

நான் ரூபாயைத் தொட்டதில் இன்னொரு கூலியும் சேர்ந்தது. அப்படித் தொட்டால், மாற்று விலையை நம் வங்கியோ கார்டு நிறுவனமோ போடாது. கடைக்காரர் பக்கத்து நிறுவனம் தன் லாபத்தையும் சேர்த்துப் போடும். ரூபாயில் கட்டினாலும் வெளிநாட்டுக் கடை என்பதால் சில வங்கிகள் தனிக் கட்டணமும் பிடிக்கின்றன. வீட்டுக்கு வந்து பார்த்தால், அன்றைய விலையைவிட நூற்றுக்கு ஆறு ரூபாய் கூடுதலாகப் போயிருந்தது.

ஆகவே பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், புறப்படும் முன் உங்கள் கார்டின் மார்க்-அப் எவ்வளவு என்று வங்கியில் கேளுங்கள். மார்க்-அப் இல்லாத கார்டுகளும் உண்டு. கடையில் மெஷின் கேட்டால் அந்த ஊர்ப் பணத்தையே தொடுங்கள். சந்தேகம் இருந்தால் மாலை நடைக்கு வரும்போது கேளுங்கள், கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.